ஆறாவது எலும்பு

முதுகில் ஜெல் விழுந்ததும் அவளுக்கு உடம்பு ஒரு முறை சிலிர்த்தது.

குப்புறப் படுத்திருந்தாள். வயிற்றுக்கடியில் ஒரு தலையணை. முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் சுவர் மட்டும்தான் இருந்தது.

ஸ்கேன் கருவியின் முனை இடுப்புக்குக் கீழே தொடங்கி மெல்ல மேலே ஏறியது.

"ஒண்ணு," என்றார் டாக்டர் யாகூப்.

தோலில் பேனாவால் ஒரு கோடு.

"ரெண்டு."

போன முறை இதெல்லாம் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்பு இதே கட்டிலில் இதே டாக்டர்தான் ஊசி போட்டார். அப்போது இந்தக் கருவி இங்கே வந்திருக்கவில்லை. இடுப்பெலும்பைக் கையால் அழுத்திப் பார்த்தார். அதற்கு நேராக முதுகெலும்பைத் தடவி இடத்தை முடிவு செய்தார். நரம்புக்குப் பக்கத்தில் மருந்து போய்விட்டால் காலுக்கு இறங்குகிற வலி நின்றுவிடும் என்றார்.

நிற்கவில்லை.

சரியாகத்தான் போட்டிருக்கிறேன், வலி இருக்கக் கூடாதே என்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் அவள் கணவன் கதிரேசன் நின்றிருந்தான்.

வலி இருக்கக் கூடாதே.

அந்தச் சொல் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது.

நாத்தனாருக்குத் தெரிந்தது. இவள் சத்துணவு சமைக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது. சோற்று அண்டாவை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது அங்கேதான். அன்றிலிருந்து அவளுக்காக அண்டா தூக்கிவந்த, கூடச் சமைக்கிற ராக்கம்மா ஒரு நாள் தூக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவளே தூக்கினாள். வலது கால் இடுப்பிலிருந்து குதிகால்வரை எரிந்தது.

சாயங்காலம் கதிரேசன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் எதுக்கு நொண்டுற?"

அதன்பிறகு அவன் எதிரில் நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டாள்.

வலி நிஜம்தானா என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது.

"அஞ்சு," என்றார் டாக்டர்.

அதற்கு மேலே விலா எலும்பு வந்திருக்க வேண்டும்போல. வரவில்லை. கருவி அங்கேயே நின்றது.

பிறகு இன்னும் மேலே போனார். கடைசி விலா எலும்பைப் பிடித்து, அங்கிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தார். இப்போது வாய்க்குள்ளேயே. மறுபடி கீழிருந்து. மறுபடி மேலிருந்து.

நர்ஸிடம் அவளுடைய எம்.ஆர்.ஐ. படத்தைக் கேட்டார். உறையிலிருந்து படத்தை உருவும் சத்தம் கேட்டது.

அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லப்போகிறார்.

டாக்டர் கட்டிலைச் சுற்றி வந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் பக்கவாட்டில் நுழைந்து, அவள் முகத்துக்கு நேரே நின்றார்.

"அம்மா, கீழ் முதுகுல பொதுவா அஞ்சு எலும்பு இருக்கும். உங்களுக்கு ஆறு இருக்கு. சில பேருக்கு அப்படித்தான், நோய் இல்ல. படம் எடுத்தவங்க மேலேர்ந்து எண்ணியிருக்காங்க. நான் அன்னிக்கு கீழேர்ந்து கணக்கு வச்சேன். ரெண்டு கணக்கும் ஒத்துப்போகல, ஊசிய ஒரு எலும்பு தள்ளிப் போட்டுட்டேன்."

இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"உங்களுக்கு வலி இருந்திருக்கு. தப்பு என்னோடது."

கன்னத்துக்கடியில் விரிப்பு நனைந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார். ஓர் இடத்தில் வலது காலில் அந்த எரிச்சல் பாய்ந்தது. குதிகால்வரை.

"அதேதான் சார்," என்றாள். "அதேதான்."

யாரோ தெரிந்தவரை அடையாளம் காட்டுவது போலிருந்தது அவள் குரல்.

மருந்து இறங்கியது.

அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். பிறகு நர்ஸ் கையைப் பிடித்து நடக்கச் சொன்னாள். கதவுவரை. திரும்பக் கட்டில்வரை. கட்டிலடியில் அவளுடைய கொண்டை ஊசி கிடந்தது. குனிந்து எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் அவளும் நர்ஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மருந்து எத்தனை நாள் கேட்கிறது என்று பார்க்க வேண்டும், இடம் தெரிந்துவிட்டது, இனிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

அவள் கும்பிட்டாள்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது சார்."

போகவில்லை. நின்றாள்.

"எங்கிட்ட சொன்னத வெளிய இருக்குற எங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒருதரம் சொல்லிடுங்க."

டாக்டர் தலையசைத்தார். படத்தை எடுத்துக்கொண்டு அவரே வெளியே போனார்.

பாதி திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். பேச்சு கேட்கவில்லை. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து விரலை ஒவ்வோர் எலும்பாக வைத்துக்கொண்டு போனார். பிறகு கையைத் தன் நெஞ்சில் வைத்து ஏதோ சொன்னார்.

கதிரேசன் படத்தைப் பார்த்தான். பிறகு வெகுநேரம் தரையைப் பார்த்தான்.

அவள் வெளியே வந்தாள். வாசலோரம் அவள் செருப்பு கிடந்தது. வார் போட்டு மாட்டுகிற செருப்பு.

கதிரேசன் வந்தான். நடைபாதையில் அத்தனை பேர் காத்திருக்க, குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். செருப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான். வாரைப் பிரித்தான்.

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலக் குடு," என்றான். தலை நிமிரவில்லை.

அவளால் குனிய முடியும்.

குனியவில்லை. வலது காலை நீட்டினாள்.