படி ஓரத்துக் கோடு

கையும் சாக்பீஸுமாகப் பிடிபட்டாள் தையல்காரம்மா.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மாடிப்படியில் குனிந்து முதல் கோட்டை இழுக்கப் போன நேரத்தில், குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து பின்னால் நின்றார்.

"ஓஹோ... ரெண்டு மாசமா நம்ம படியை நாசம் பண்றது நீங்கதானா?"

சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார். பத்து மணிக்கு அவசரக் கூட்டம் என்று ஆறு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டார்.

நூற்றுப் பத்து வருஷத்துக் கட்டடம் அது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. 'பழமையைப் போற்றுவோம்' என்று வாசலில் பலகை மாட்டியவர் செயலாளர்தான். பால்கனியில் துணி காயக்கூடாது. பிளாஸ்டிக் தொட்டியில் செடி வளரக்கூடாது. கீழ்வீட்டுப் பல் டாக்டரின் போர்டுகூடப் பழைய காலத்து எழுத்துக்கு மாறிவிட்டது. பல்வலியோடு வருகிறவர்கள் அதைப் படிக்க முடியாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள்.

மாடிப்படிக்கு ஜன்னல் இல்லை. பகலிலும் இருட்டுதான். அங்கே எரிந்த ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு, ஊரெல்லாம் தேடிப் பித்தளைக் கூண்டு விளக்கு ஒன்று வாங்கி வந்து மாட்டினார் செயலாளர். அதன் வெளிச்சம், அந்த விளக்கைப் பார்ப்பதற்கு மட்டும் போதும்.

கூட்டம் பல் டாக்டரின் க்ளினிக்கில் நடந்தது.

"அது தேக்கும்மா, தேக்கு! நம்ம எல்லார் வயசையும்விடப் பெரிசு. அதுல போய்க் கிறுக்கலாமா?"

"துணி வெட்டக் கோடு போடுற சாக்பீஸ்தானே சார். ஈரத்துணியால துடைச்சா போயிடும்."

"துடைச்சா மறுநாள் மறுபடியும் போடறீங்களே!"

இரண்டாவது மாடிக் கணக்கு டீச்சர் கேட்டாள். "உன் வீடு மூணாவது மாடி. உன் படியையெல்லாம் விட்டுட்டு, முதல் மாடியிலேருந்து கீழ வரைக்கும் உள்ள பதினெட்டுப் படிக்கு மட்டும் ஏன் கோடு?"

"ஏதாவது செய்வினை கிய்வினை..." என்று இழுத்தார் பல் டாக்டர்.

"டாக்டர்! நீங்க படிச்சவர்!" என்றாள் டீச்சர்.

"படிச்சவன்தான். ஆனா கோடு என் க்ளினிக் வாசல்ல வந்துல்ல முடியுது?"

செயலாளர் மேஜையைத் தட்டினார். "யாரும் தடுக்கி விழுந்தாங்களா? இல்லையே! எங்கம்மாவையே எடுத்துக்குங்க. முதல் மாடியிலேருந்து தினமும் காலையில ஆறு மணிக்கு இறங்கிப் போய், தோட்டத்துல உக்காந்து சாமிக்கு நாலு வார்த்தை சொல்லிட்டு வர்றாங்க. எழுபத்தெட்டு வயசு! ஒரு நாள் தடுமாறினாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காரணத்தைச் சொல்லுங்க, விட்டுடறேன்."

"சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"யாருக்கு?"

தையல்காரம்மா வாசலுக்கு வெளியே படியைப் பார்த்தாள்.

"சரி. நீங்க வாடகைக்கு இருக்கிறவங்க. வெளிநாட்டுல இருக்கிற உங்க வீட்டு ஓனர்கிட்ட இப்பதான் பேசினேன். சங்கம் என்ன சொன்னாலும் சரின்னுட்டார். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"சார், என் பொண்ணுக்கு இன்னும் மூணு மாசத்துல பெரிய பரீட்சை. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு. அது வரைக்குமாவது விடுங்க. கோடு போடுறதை இன்னியோட நிறுத்திடறேன். ஆனா அந்தப் பழைய ட்யூப்லைட்டை மட்டும் திருப்பி மாட்டிடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"ட்யூப்லைட்டா!" செயலாளர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பட்டுப்புடவைக்குக் கோணி ஒட்டுப் போடச் சொல்றாங்க, கேட்டீங்களா? தையல்காரம்மா இல்லையா!"

எல்லாரும் சிரித்தார்கள். பல் டாக்டர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

"ஆட்சேபம் இருக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது படியில் தட், தட், தட் என்று சத்தம். ஒற்றைச் செருப்பு ஒன்று உருண்டு வந்து க்ளினிக் வாசலில் விழுந்தது.

எல்லாரும் எழுந்து ஓடினார்கள்.

படியின் உச்சியில் செயலாளரின் அம்மா. இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, செருப்பில்லாத காலை நீட்டி, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று இருட்டில் துழாவிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஓடியது தையல்காரம்மாதான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். செயலாளர் பாதிப் படி ஏறி, அங்கேயே நின்றுவிட்டார். அம்மாவின் பார்வை அவர் மேல் விழுந்து, அவரைத் தாண்டிப் போனது.

"நீதானா கண்ணு? ஏன், இன்னிக்குக் கோடு போடலையா? ஆறு மணியிலேருந்து நாலு தடவை வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எம்புள்ளை மீட்டிங்ல இருக்கான், அவன் வர்றதுக்குள்ள என்னைக் கீழ விட்டுடு. ஆசை ஆசையா வாங்கி மாட்டின விளக்கு... வெளிச்சம் பத்தலைன்னு தெரிஞ்சா பாவம், மனசு உடைஞ்சு போயிடுவான்."