விபத்து இல்லை

அறையில் நான்கு பேர்: மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீடு போடும் கோடர், எலும்பு டாக்டர், முன்னாள் விமானப் பணிப்பெண், அவளுடைய தம்பி. மாலை வெயில் விழுந்து வெளுத்த கணினித் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, அவளைப் பற்றி டாக்டர் எழுதியதைக் கோடர் படிக்கிறான். முழங்கால் மடங்கவில்லை, இடது காது கேட்கவில்லை, காரணம் விபத்து. “விபத்துன்னா யார் மேலயும் தப்பில்லன்னு ஆயிடும் டாக்டர். எங்க விமானத்துல குண்டு வெச்சாங்க,” என்கிறாள் அவள். “எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதானேம்மா?” என்கிறார் டாக்டர். “அவகிட்ட வாய் குடுக்காதீங்க சார். வேண்டாததை எல்லாம் அந்தக் காதுலதான் வாங்குவா,” என்கிறான் தம்பி. “உன் பேச்சு பூரா அதுலதான்டா போகுது.” டாக்டர் சிரித்துவிடுகிறார். கோடர் சிரிக்கவில்லை. டாக்டர் எழுதாததை அவனாகப் போட முடியாது. “நீங்க அந்த வரியைத் திருத்துங்க சார், சரியான குறியீடு நான் போடுறேன்.” டாக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு விசைப்பலகையை இழுத்துத் திருத்துகிறார். விமானத்தின் மீதான பயங்கரவாதத் தாக்குதலுக்குத் தனிக் குறியீடு உண்டு. கோடர் இதுவரை அதைத் தொட்டதில்லை. கடைசியில் ஓர் எழுத்து சேர்க்கிறான். அடிபட்டது எப்போதோ என்றாலும் அதன் பாதிப்பு இன்றும் இருக்கிறது என்பது அந்த எழுத்தின் பொருள். திரையை அவள் பக்கம் திருப்புகிறான். பயணிகளுக்கு அறிவிக்கும் குரலில் அவள் அதை வாய்விட்டுப் படிக்கிறாள். “எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு இவ கடைசியாத்தான் இறங்கினா. அதை எங்க சார் போடுவீங்க?” என்கிறான் தம்பி. “அதுக்குக் குறியீடு இல்லங்க.” அவள் தாங்க வந்த தம்பியின் கையைத் தட்டிவிட்டு, மடங்காத காலை வீசி, நிமிர்ந்து வெளியே நடக்கிறாள். தம்பியும் டாக்டரும் பின்னாலேயே போகிறார்கள். நோயாளிகளின் குறிப்புகள் உள்ள அறை. திறந்து கிடக்கக் கூடாது. எழுந்து நின்றிருக்கும் கோடர், அவள் தாழ்வாரத்தைக் கடக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டுகிறான்.