நின்ற லொறியின் வேகம்

துஷாந்த் தன் மரக்கறி லொறிக்குப் பெரிய டயர் போட்டதிலிருந்து அக்கரப்பத்தனையில் அவனைப் பிடிக்க ஆளில்லை. லொறி ஒரு சாண் உயர்ந்தது என்றால் அவன் கழுத்து இரண்டு சாண் உயர்ந்தது. வேக மீட்டர்தான் பொய் சொல்லத் தொடங்கியது: அது நாற்பது காட்டினால் வண்டி நாற்பத்தைந்தில் போகும். மனைவி சுதர்ஷினியின் நச்சரிப்பு தாங்காமல் ஹட்டனில் கொடுத்துத் திருத்தினான்.

திரும்பும் வழியில் அவள் போனில் வேகம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மீட்டர்ல முப்பது," என்றான்.

"போன்லயும் முப்பது. ஒங்களவிட அது யோக்கியம்ங்க."

முனியாண்டி கோயில் வளைவில் நிறுத்தினான். டயர் போட்ட அன்றே கொளுத்தியிருக்க வேண்டிய சூடம். மீட்டர் சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தான். எஞ்சினை அணைத்தான், பிரேக்கை இழுத்தான், இறங்கி டயருக்குக் கல்லும் வைத்தான்.

சூடம் பற்றியதும் லொறிக்குள்ளேயிருந்து, "இருபது," என்றாள்.

"சாமி முன்னால வெளையாடாத புள்ள."

"மீட்டர்லயும் இருபதுதான். ஏங்க, எதுக்குக் கூடவே ஓடி வாறீங்க? விழுந்துடுவீங்க!"

திரும்பிப் பார்த்தான். கல் வைத்த இடத்திலேயே இருந்தது. சூடம் அசையாமல் எரிந்தது. ஜன்னலில் அவள் கூந்தல் மட்டும் பின்னால் பறந்துகொண்டிருந்தது.

"நாப்பது! பிரேக்கப் போடுங்க!"

கதவை இழுத்தான். திறக்கவில்லை.

"அறுபது," என்றாள். முகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குரல் கீழே, மூன்று வளைவு தாண்டிக் கேட்டது.