எண்ணூறு தலைப்பு

"அட கடவுளே! என்ன புள்ளயள் செய்றீங்க?"

கத்தியே போட்டன். பின்ன என்ன? சுனாமி வந்து நாலு மாசம். கல்லடியில ஒரு நிவாரண ஒபிசுக்குப் பிரிண்டர் திருத்தப் போயிருந்தன். அங்க தனுஷா, கஜானி எண்டு ரெண்டு பிள்ளைகள் குடும்ப விவரப் புத்தகத்துக்குத் தலைப்புச் சோடிச்சுக்கொண்டு இருந்தாங்க. எழுத்தைப் பெருப்பிக்கிறது, தடிப்பாக்கிறது, நீலமாக்கிறது, மறுகா அடுத்த தலைப்பு. எண்ணூறு தலைப்பு! ஒண்டொண்டா!

"எவ்வளவு நாளாச் செய்றீங்க?"

"மூணு கிழமை அண்ணன்," எண்டாள் தனுஷா.

"ஆர் இப்பிடிச் செய்யச் சொன்ன?"

"வோல்ட்டர் சேர்."

காலையில இருந்து ரெண்டு தரம் அறைக்கு வெளிய வந்து, "தேத்தண்ணி குடிப்பமா புள்ளயள்?" எண்டு கேட்ட அதே வெள்ளைத்தலை மனிசன்! எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. வீடு வாசல் எல்லாத்தையும் கடலுக்குக் குடுத்துட்டு முகாமில இருந்து வாற பிள்ளைகளை இப்பிடியா மாடு மாதிரி வேலை வாங்குற? கம்ப்யூட்டர் தெரியாட்டி ஆரிட்டயும் கேக்கப்படாதா?

விறுவிறெண்டு உள்ளுக்குப் போனன்.

"சேர்! ஒரு வித்தை காட்டவா? முழு வேலையும் இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள முடியும்! மேல ஒரு பிரஷ் படம் இருக்கு. சோடிச்ச தலைப்பில கேர்சரை வைச்சு, அந்தப் பிரஷைக் கிளிக் பண்ணி, அடுத்த தலைப்பு மேல இழுத்தாச் சரி! பெரிசு, தடிப்பு, நீலம், எல்லாம் அப்பிடியே ஒட்டிரும்!"

எனக்கு மூச்சு வாங்கிச்சு. அவர் எழும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"ரெண்டு தரம் கிளிக் பண்ணணும் மனே. அப்பதான் பிரஷ் கையிலயே நிக்கும். ஒவ்வொரு தரமும் மேல போகத் தேவையில்ல."

நான் அவரைத் திரும்பிப் பாத்தன்.

"உங்களுக்கு இது தெரியுமா சேர்? மறுகா ஏன்...?"

"வீடு குடுக்கிற பட்டியலெல்லாம் போன மாசமே கொழும்புக்குப் போயிற்று. இது ஒபிஸ் அலுமாரிக்கு. இது முடிஞ்சா அதுகளுக்கு இஞ்ச வேலையில்ல. முகாமில குந்தி இருந்து அழுறதை விட, இஞ்ச சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருக்கட்டும். வாயத் திறந்திராத!"

எப்பிடிப்பட்ட மனிசன்! நான் என்னவெல்லாம் நினைச்சிட்டன்! எனக்கு வெக்கமும் சந்தோசமும் ஒண்டா வந்திச்சு.

வெளிய வந்தன். கஜானி பயந்துபோய் நிண்டாள்.

"அண்ணன், நீங்க சத்தம் போட்டதெல்லாம் கேட்டிச்சு. அந்தப் பிரஷ் கதை சேருக்கு விளங்கிற்றா?"

"இல்ல புள்ள," எண்டன் அவசரமா. "ஒண்டும் விளங்கல்ல."

"அப்பாடா!" ரெண்டு பேரும் நெஞ்சில கை வைச்சாங்க.

"என்ன? உங்களுக்கும் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும் அண்ணன்," தனுஷா மெதுவாச் சொன்னாள். "சேர்ட பொஞ்சாதி, பிள்ளைகள் எல்லாரும் கடலோட போயிற்றாங்க. இது முடிஞ்சா நாங்களும் போயிருவம். மறுகா அவர் ஆரோட தேத்தண்ணி குடிப்பார்?"