எழுபத்தெட்டே கிலோ

"ஏனுங்க, காலைப் பாருங்க, அழுத்துனா குழி உழுகுது. கோயமுத்தூர் போயி டாக்டரைப் பாத்துட்டு வந்தரலாம், கெளம்புங்க."

தங்கள் எண்ணெய் மில்லை ஒட்டிய வீட்டிலிருந்து மில் தராசு வரைக்கும் நாச்சியம்மாள் இதையே சொல்லிக்கொண்டு கணவர் பின்னாலேயே வந்தாள். பாலுசாமி மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கேட்டால், மில்லைச் சுற்றிப் பார்க்கிறாராம்.

இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து பத்து நாள்தான் ஆகிறது. "கஷாயம் குடிச்சா எங்கிட்டக் கேட்டுட்டுக் குடிங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. இப்ப எழுபத்தெட்டு கிலோ, ரெண்டு கிலோ ஏறினாலும் உடனே ஓடி வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பாலுசாமி மாத்திரையை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயத்தைச் சொம்புச் சொம்பாகக் குடித்தார். குடித்ததோடு விட்டாரா? கொப்பரை விற்க வரும் விவசாயிகளுக்கெல்லாம் அரைமணி நேரம் இதய வைத்தியமும் போதித்தார்.

"எடை ஏறக்கூடாது, அவ்வளவுதான அம்மணி? வா, எல்லாரு முன்னாலயும் நின்னு காட்டறேன்."

கொப்பரை மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு மில் தராசில் ஏறி நின்றார். வரிசையில் நின்ற விவசாயிகள் எட்டிப் பார்த்தார்கள்.

எழுபத்தெட்டு.

"பாத்துக்கங்க! ஆஸ்பத்திரியிலயும் எழுபத்தெட்டு, இங்கயும் எழுபத்தெட்டு. மாத்திரையெல்லாம் ஏமாத்து வேலைங்க. மனுசன் பொய் சொல்லுவான், தராசு சொல்லுமா?"

"அதெப்படிங்க சொல்லும்!" என்றார்கள் விவசாயிகள்.

நாச்சியம்மாளுக்கே அரை மனசாக நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் எடை போடும் மாசாணம் ஏன் இப்படித் தவிக்கிறான்? லுங்கியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். முதலாளியின் வீங்கிய காலைப் பார்த்தான். விவசாயிகளைப் பார்த்தான்.

"மொதலாளி... ஆஸ்பத்திரிக்கே போயிருங்க" என்று முணுமுணுத்தான்.

"என்றா மொனகறே? சத்தமாச் சொல்றா, எல்லாருக்கும் கேக்கட்டும்!"

மாசாணம் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்: "நாலு கிலோ ஏறியிருக்குதுங்க! நூறுக்கு அஞ்சு கம்மியாக் காட்டறாப்புல இந்தத் தராசை வெக்கச் சொன்னதே நீங்கதானுங்களே!"

வரிசை கலைந்து தராசை நோக்கி வந்தது.

"அம்மணி, காரை எடுக்கச் சொல்லு, உடனே கோயமுத்தூர் போகோணும்" என்றார் பாலுசாமி, தராசிலிருந்து இறங்காமலே.