சம்மந்தி எழும்பட்டும்

சஹனில் மிச்சமிருந்தது ஒரு கறுவாத் துண்டும் இரண்டு ஏலக்காய்க் கோதும்தான்.

ஜபார் அந்தக் கோதைத்தான் விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். தின்பதற்கல்ல. எழும்பாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

மகளின் நிக்காஹ் நல்லபடி முடிந்தது. நெய்ச்சோறு முடிந்தது. வட்டிலப்பம் முடிந்தது. சஹன் என்ற அந்த ஒரே தட்டத்தைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்த ஆறு பேரில் நாலு பேர் கைகழுவிப் போயும்விட்டார்கள். எஞ்சியது எதிரும் புதிருமாய் இரண்டு சம்மந்திமார்.

மாப்பிள்ளையின் வாப்பா எழும்பாமல் பெண்ணின் வாப்பா எழும்பக் கூடாது. அது மரியாதை.

எழும்பச் சொன்னாலும் ஜபாரால் எழும்ப முடியுமோ தெரியாது. அது முழங்கால்.

உப்பளக் கந்தோரில் அவர் பிரதம லிகிதர். இருபத்தாறு வருஷமாகச் சுழல் கதிரையில் இருந்தபடியே உப்பை மலை மலையாகக் கடதாசியில் குவித்தவர். வீட்டிலிருந்து கந்தோருக்கு நானூறு யார் தூரம், அதற்கும் ஓட்டோ. பள்ளிவாசலிலும் அவருக்கென்று ஒரு கதிரை.

போன வருஷம் தில்லையடியில் ஒரு கல்யாணம். இதே மாதிரி ஒரு சஹனிலிருந்து அவரை நாலு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கவேண்டியதாயிற்று. தோணியைக் கரையேற்றுகிற மாதிரி எவனோ ‘ஏலேலோ’ போட, சபையே சேர்ந்து போட்டது. அவர் வீடு வந்து சேருமுன்னமே அந்த வீடியோ கட்டாரிலிருக்கும் மகனிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

மகளின் கல்யாணத்திலும் அந்த ஏலேலோவைக் கேட்பதைவிட மௌத்தாகிவிடலாம் என்று நினைத்தார்.

அதனால்தான் மூன்று மாதமாகக் கந்தோரின் பைல் அறையைப் பூட்டிக்கொண்டு, போனில் ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்துப் பாடம் படித்தார். தாடியும் வெறுங்காலுமாய் அந்த ஆள் புல்லில் குந்தினான், தவழ்ந்தான், எழும்பினான். மனித குலத்தைக் கதிரையிலிருந்து மீட்கப்போவதாகச் சொன்னான். தரையில் இருந்து எழும்புவதற்குப் பன்னிரண்டு பாடமும் கடைசியில் ஒரு சான்றிதழும் உண்டாம்.

போன கிழமை ஜபார் மேசையைப் பிடிக்காமல் எழும்பிவிட்டார். தூசி பிடித்த பைல்களின் முன்னால் தன்னந்தனியே நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

ஆனால் அன்று அவர் தரையில் இருந்தது ஐந்து நிமிஷம். இன்றைக்கு ஒரு மணித்தியாலம் தாண்டிவிட்டது. இடக்கால் மரத்து யாரோ ஒருவருடையதாகிவிட்டது.

எதிரே இருப்பவரும் சாமானியப்பட்டவரல்ல. நெய்னார் டிறெக்டர். முப்பது வருஷம் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்து ஓய்வுபெற்றவர். எழுபது வயதிலும் கொடிக்கம்பம் மாதிரி ஒடிசலான, நிமிர்ந்த ஆள். அவர் வீதியில் வந்தால் ஆண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கல்யாணம் பேச வந்த அன்றே ஜபாரின் சாய்மனைக் கதிரையைப் பார்த்துச் சபைக்கு முன்னால் கேட்டுவிட்டார்.

“என்ன சம்மந்தி, அல்லாஹ் கால் தந்தது கதிரைக்குக் கீழ தொங்கப் போடவா?”

மண்டபத்தில் மேசை வேண்டாம், பாயும் சஹனும்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரே.

அந்த மனிதர் இப்போது அசைவதாயில்லை.

ஆட்டிறைச்சியின் பதத்தைப் பற்றிப் பேசினார். உச்சமுனைக்கு வள்ளத்தில் போன கதையைச் சொன்னார். எண்பத்து நாலாம் ஆண்டு விளையாட்டுப் போட்டியை அணிநடையிலிருந்து பரிசளிப்புவரை நடத்தி முடித்தார். பிறகு இன்னொரு கோப்பை வட்டிலப்பம் கேட்டார்.

ஜபாருக்கு விளங்கிவிட்டது. வேடிக்கை பார்க்கத்தான் ஆள் இழுத்தடிக்கிறார்.

சுவரோரம் நின்றவர்கள் போனைத் தூக்கிவிட்டார்கள். எவனுடைய வாயிலோ ஏலேலோ தயாராயிருந்தது.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

எழும்பாமலிருக்க இனி இரண்டு பேருக்கும் சாட்டில்லை. ஜபார் பிஸ்மி சொன்னார். வெள்ளைக்காரன் காட்டியபடி வலக்காலை உள்ளே மடித்துக்கொண்டு, சம்மந்தி எழும்பட்டும் என்று காத்திருந்தார்.

சம்மந்தி எழும்பவில்லை. சஹனுக்கு மேலால் குனிந்தார். ஏசி போட்ட மண்டபத்தில் அவருடைய நெற்றி முழுக்க வியர்வை.

“சம்மந்தி,” என்றார், உதடு அசையாமல். “நான் ஊதினது விசில் மட்டுந்தான். ஓடினதெல்லாம் புள்ளைகள். கொஞ்சம் கையத் தாங்க.”

ஜபாரின் நெஞ்சிலிருந்து மூன்று மாதத்து மூச்சு ஒன்றாய் இறங்கியது.

ஒரு கையைக் கொடுத்தார். மற்றக் கையை அவருடைய தோளில் போட்டார். இவர் அவரை இழுக்க, அவர் இவரில் தொங்க, இவருடைய பாரம் அவரையும் அவருடைய உயரம் இவரையும் தூக்க, எப்படியோ நாலு காலும் பாயில் ஊன்றின.

மண்டபம் கண்டது கட்டித் தழுவி நிற்கும் இரண்டு சம்மந்திமாரை.

“மாஷா அல்லாஹ்!” என்றது ஒரு குரல். பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த ஜபாரின் மனைவி றைஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போன்கள் படம் பிடித்துத் தள்ளின. ஏலேலோ வந்த வாய்க்குள்ளேயே திரும்பிப் போனது.

கால்களுக்கு உயிர் வரும்வரை இருவரும் பிடியை விடவில்லை. பார்த்தவர்களுக்கு அது பாசமாகவே பட்டது.

“நாளைக்கு சுபஹுத் தொழுகைக்குப் பொறகு களப்புக் கரைக்கு வாங்க,” என்றார் நெய்னார் டிறெக்டர் காதோடு. “ஒத்தருக்கும் சொல்லவாணாம்.”

“நடக்கவா?”

“நடை ஆருக்கு வேணும்? தரையில இருந்து எழும்பிப் பழக.”