'வாரேன்' என்று சொல்லாதவர்கள்

ஐயா,

எச்.ஐ.வி. மையத்தில் டாக்டருக்குப் பதிலாகப் பதினோரு ஆண்டுகள் எங்களைப் பார்த்துவந்த ஜெபக்கனி சிஸ்டரை, 'நோயாளிகளுக்குத் திருப்தியில்லை' என்று நீக்கியது பற்றி எழுதுகிறேன்.

நோயாளி விடைபெறும் சொல்லைக் கேட்டு வாசலிலுள்ள கருவி மதிப்பெண் போடுகிறது. 'வாரேன்' என்றால் திருப்தி. 'போறேன்' என்றால் திருப்தியில்லை. ஆனால் ஆசுபத்திரியில் யாரும் வாரேன் என்று சொல்ல மாட்டோம், ஐயா. நோயைத் திரும்ப அழைப்பதாகிவிடும். மாதாமாதம் வந்தே தீரவேண்டிய நாங்களும் 'போறேன் சிஸ்டர்' என்று கும்பிட்டுத்தான் கிளம்புவோம்.

விவரம் தெரிந்த அன்று, கருவிக்குக் கேட்கும்படி, "வாரேன் சிஸ்டர்!" என்று கத்தினேன்.

சிஸ்டர் பதறிவிட்டார். "வாயக் கழுவுங்க அண்ணாச்சி! இங்க நின்னு அப்படிச் சொல்லலாமா? நல்லபடியாப் போங்க."

பணிநீக்க உத்தரவு அதற்குள் அவர் மேசைக்கு வந்திருந்தது.

இப்போது அந்த அறையில் இயந்திரம் மாத்திரை தருகிறது. அதனிடம் எதைச் சொல்லி அழுவது என்று என் மனைவி மூன்று மாதமாகப் போகவில்லை. மெலிந்துவிட்டாள். அவள் பெயருக்கு நேரே 'குறை ஏதுமில்லை' என்று பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
சு. பாக்கியதுரை